தயவுக்கு அடியில் ஒரு கோடு

மோகனப்பிரியா: ரசீது குடுங்க, சார்.

பஞ்சநதம்: என்னது?

மோகனப்பிரியா: வாடகை ரசீது. உங்க நெலத்துல நாங்க குடியிருக்கிற மனைக்கு.

காயாரோகணம்: ஏய், வாயை மூடு! ஐயா... எம்பொண்ணு, தெரியாம பேசுதுங்க. அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன்.

பஞ்சநதம்: இருக்கட்டும் காயாரோகணம். உங்கப்பன் ஆண்டேம்பான், நீ ஐயாங்கிறே, இவ சாருங்கிறா. என்னம்மா படிக்கிறே?

மோகனப்பிரியா: சட்டம். திருச்சியில, கடைசி வருஷம்.

பஞ்சநதம்: ஓகோ! கொலை கேஸா, கொள்ளை கேஸா?

மோகனப்பிரியா: வீடு, மனை, விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன். எங்க தெருவுக்கு ஆவுற சட்டமா பாத்துப் படிக்கிறேன்.

காயாரோகணம்: அவ கெடக்கட்டுங்க. தைக்குள்ள காலி பண்ணச் சொல்லியிருக்கீங்க... கொஞ்சம் தவணை...

மோகனப்பிரியா: தவணை கேக்க வரலப்பா.

பஞ்சநதம்: இந்தா பாரும்மா. அந்த எடத்தைப் பெட்ரோல் பங்குக்குப் பேசி முடிச்சாச்சு. சாமானை ஏத்த என் டிராக்டரையே அனுப்புறேன்.

மோகனப்பிரியா: எங்க எறக்குறது?

பஞ்சநதம்: ...அது உங்க பாடு.

மோகனப்பிரியா: பட்டா இல்லன்னு அரசாங்க வீட்டு மனுவை மூணு தடவை திருப்பிட்டாங்க. ரசீதாவது குடுங்க.

பஞ்சநதம்: வாடகை எப்ப குடுத்தீங்க?

மோகனப்பிரியா: பொங்கலுக்குப் பொங்கல் சேவலும் பூசணிக்காயும் வந்துச்சே, அது என்னவாம்?

பஞ்சநதம்: அது மரியாதை. ரசீதுன்னு ஒரு துண்டுச் சீட்டு குடுத்தா, நாளைக்கு வாடகைக்காரின்னு கோர்ட்டுல வந்து நிப்பே. நானும் நாலு வக்கீலைப் பாத்தவன்தான்.

மோகனப்பிரியா: அப்ப நாங்க யாருங்க?

பஞ்சநதம்: எங்க தயவுல இருக்கிறவங்க.

மோகனப்பிரியா: சரி... அதையே எழுதிக் குடுங்க.

காயாரோகணம்: மோகனா!

மோகனப்பிரியா: வாடகை இல்ல, தயவுதான்னு எழுதுறதுக்கு என்ன? பயமா இருந்தா வேணாம்.

பஞ்சநதம்: எனக்கென்னடி பயம்? வாடகை இல்லன்னு எழுத்துல இருந்தா எனக்குத்தான் நல்லது. எடு பேப்பரை. "காயாரோகணம் குடும்பத்தார்... வாடகை ஏதும் இன்றி... எங்கள் தயவில்..."

மோகனப்பிரியா: எப்பலேர்ந்துன்னு போடுங்க. நேத்து பொறந்த தயவுன்னு நெனைச்சுக்கப் போறாங்க.

பஞ்சநதம்: நேத்தா? அறுபத்தெட்டு! எங்க அண்ணன் கல்யாணம் நடந்த வருஷம். உங்க தாத்தன் பண்ணையாளா வந்தான். உங்கப்பன் பொறந்ததே அந்தக் குடிசையிலதான். எங்கம்மாதான் பழஞ்சேலை குடுத்தாங்க. சொல்லேன், காயாரோகணம்!

காயாரோகணம்: ஆமாங்கய்யா. ஐப்பசி மழையாம்.

பஞ்சநதம்: "...1968 முதல், எங்கள் பண்ணையாள் என்ற முறையில்..." தயவுக்கு அடியில கோடே போட்டுட்டேன். போதுமா?

மோகனப்பிரியா: கையெழுத்து. தேதி.

பஞ்சநதம்: இந்தா. அந்த ஒரு வார்த்தையில உன் கேஸு முடிஞ்சுது.

மோகனப்பிரியா: முடியல சார். எழுபத்தொண்ணு ஜூன் மாசம் விவசாயத் தொழிலாளி எந்த மனையில குடியிருந்தாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம்னு சட்டம் இருக்கு. வாடகைக்கு இருந்தாலும் சரி, தயவுல இருந்தாலும் சரி. எந்த வருஷத்துலேர்ந்து இருக்கோம்ங்கிறதுக்குத்தான் எங்ககிட்ட சாட்சி இல்லாம இருந்துச்சு.

பஞ்சநதம்: ஏய்... குடு அதை!

மோகனப்பிரியா: குடுக்கத்தான் போறேன், தாசில்தார்கிட்ட. மூணரை பஸ்ஸைப் புடிக்கணும். வர்றேன்பா.

பஞ்சநதம்: நில்லுன்னா... போறா பாரு, திரும்பிக்கூடப் பாக்காம! காயாரோகணம், கூப்புடுடா அவளை. மனுகினுன்னு எதாவது குடுத்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்.

காயாரோகணம்: அந்தச் சட்டப்படி மனையைக் கேட்டு மனு போன மாசமே குடுத்தாச்சுங்கய்யா. கையெழுத்து என்னுதுதான். ரசீதுன்னா தர மாட்டீங்க, தயவுன்னா எழுதிடுவீங்கன்னு அவகிட்ட சொன்னதும் நான்தான்.