அளவுச் சாப்பாடு

குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் மேடம். எனக்குச் சட்டை எடுப்பது ரொம்ப சுலபம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் சிறுவர் பிரிவிலேயே வேலை முடிந்துவிடும். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பார்கள். நம்பும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் நான். செண்பகத்தோப்புப் பக்கம் பிடித்துவந்த கும்பிடுபூச்சிகளை லேபில் வளர்த்தேன். வயிறார ஈ போட்டால் பெண் பூச்சி மளமளவென்று வளரும். ஆண் பூச்சி எவ்வளவு தின்றாலும் கொஞ்சம்தான் கூடும். அரைவயிறு போட்டாலோ பெண்ணும் கிட்டத்தட்ட ஆணளவிலேயே நின்றுவிடும். புத்தியுள்ளவன் இதைக் கட்டுரையாக எழுதியிருப்பான். நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பன்னிரண்டு வயசு. சிவபாண்டி என்னைக் கொண்டு பிறந்தவன், பாவம். செல்வி அவள் அம்மா மாரீஸ்வரியைப் போல நெடுநெடுவென்று வளர்ந்தாள். சேத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சினன் சொன்னான்: "ஏலே சிவா, ஒங்கூடப் பொறந்தவ ஒனக்கு அக்கா மாதிரில்லா நிக்கா! மச்சான், இன்னும் கொஞ்ச நாள்ல ஒங்களையும் முந்திருவா, பாத்துக்கிடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அதிகச் சத்தமாகச் சிரித்தது நான்தான். பாயசம் மட்டும் இறங்கவில்லை.

மாரீஸ்வரி விடியுமுன் மில்லுக்குப் போனால் அசந்துபோய்த்தான் திரும்புவாள். சமையலையும் டிபன் பாக்ஸையும் நானே ஏற்றுக்கொண்டேன். "இப்படிப் புருஷன் வாய்க்க எம்புட்டுக் குடுத்து வச்சிருக்கணும்!" என்று தெருவே மெச்சியது. சிவாவுக்கு முட்டை, கறி, பருப்பு. செல்விக்கு ரசஞ்சோறு, அப்பளம். கேட்டால், "முட்டை சூடுத்தா, பொம்பளப் பிள்ளைக்கு ஆவாது" என்பேன். "சரிப்பா" என்பாள். வாத்தியார் சொன்னால் தப்பாக இருக்குமா?

சிவாதான் துரோகி. பள்ளிக்கூடத்தில் பாதி முட்டையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவந்திருக்கிறான். நான் திட்டவில்லை மேடம், பிள்ளைகளைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. அவனை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினேன்.

அதன் பிறகு செல்வியின் பாவாடையைப் பிரித்து இறக்கித் தைக்கும் வேலை வரவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாரீஸ்வரி பதறிக் கேட்டாள். "இந்த வயசில் அப்படித்தான்" என்றேன். விலங்கியல் படித்தவன் அல்லவா!

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். உடம்பில் சத்தே இல்லை, இனி எவ்வளவு கொடுத்தாலும் விட்ட வளர்த்தியைப் பிடிப்பது கஷ்டம் என்றார் டாக்டர் நஸீபா. கலங்கிப்போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கணக்குச் சரியாக வந்ததில் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

நர்ஸம்மா அவித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்தார். செல்வி தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அப்பா, இது எனக்கு ஆவாதுல்லா? தின்னலாமா?" என்றாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர்தானே பிறகு உங்களுக்கு போன் போட்டது?

எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது மேடம். பெற்ற பாசம் லேசா? பிள்ளையின் தலையை ஆசையாகத் தடவி, "பாதி தின்னுத்தா" என்றேன்.