பாலத்தில் நின்றவன்

கிட்ட வந்து உட்காருங்கள். முடிக்கிற வரை யாரும் தண்ணி குடிக்க எழுந்து போகக் கூடாது. நடுவில் விட்டால் நான் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஆறேகால். பட்டாளத்துப் பழைய காகிதங்களை வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு நீள ரோடு... இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் பொட்டல். அதில் தனியாக வந்துகொண்டிருந்தார் என் நண்பனின் சித்தப்பா. லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற ஆள், லேசில் பயப்பட மாட்டார்.

அன்றைக்கும் பயமில்லை. வெட்கம்.

போருக்குப் போனவர்களின் பெயர்களைப் பூங்கா வாசலில் கல்லில் வெட்டப் போகிறார்கள். சித்தப்பாவின் அப்பாவும் போனவர். வீட்டுக் கூடத்தில் சீருடையோடு படம் தொங்குகிறது. "எங்கப்பா பாலத்தைத் தனியாளா காத்தவரு" என்று சித்தப்பா அளக்காத இடமில்லை. பெயர் ஏற ஆதாரம் வேண்டும் என்றார்கள். தேடிப் போனார்.

அப்பா பேர் போட்ட காகிதக் கட்டு வந்தது. முதல் பக்கம், பட்டாளத்தில் சேர்ந்த விவரம். அடுத்தது, விசாரணை. பாலத்தில் நின்றது வேறொரு பையன். பொழுது சாய்ந்ததும் போய் அவனை மாற்றிவிட வேண்டியவர் அப்பா. குளிருக்குப் பயந்து சமையல் கொட்டகையில் அடுப்போரம் படுத்துவிட்டார். மாற்று ஆள் வராமல் காவல்காரன் நகரக் கூடாது. அது பட்டாளத்துச் சட்டம். பையன் நகரவில்லை. விடிந்து பார்த்தால்... துப்பாக்கியை ஊன்றி, நின்றபடியே விறைத்துப் போயிருந்தான்.

சித்தப்பாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நகல் எடுக்கும் அம்மா, "ரெண்டு பக்கமும் எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"மொதப் பக்கம் மட்டும் போதும்மா."

அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார். பின்னால் டக்... டக்... பூட்ஸ் சத்தம். நனைந்த கம்பளி வாடை. மழையே இல்லை.

"வந்துட்டீங்களாண்ணே?"

இருபது வயதுகூட ஆகாத குரல். கோபமே இல்லை. அதுதான் கொடுமை, திட்டியிருந்தால் மனுஷன் தாங்கியிருப்பார்.

"நான்... அவரு இல்லப்பா. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

பெற்ற அப்பனையே தெரியாது என்றார், பாவி மனுஷன்!

"சரிண்ணே... அப்ப நிக்கிறேன்."

பூட்ஸ் சத்தம் நின்றது. சித்தப்பா ஓட்டமாய் ஓடினார்.

கல்லில் பெயர் ஏறியது. ஊரே வந்து கை குலுக்கியது. ஒவ்வொரு கைக்கும் இவர் கூனிக் குறுகிப் போனார்.

அந்த வாரமே, வேலை முடிந்து வந்த மகள் வீட்டு வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டாள். கொளுத்துகிற கோடை. அவளுக்கோ உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்கிறது.

"உள்ள வாடி!"

"ஒரு தம்பி நின்னுட்டிருந்தாம்ப்பா. மாத்த வேண்டியவரு வரவே இல்லையாம். பாவமா இருந்துச்சு... நீ போப்பா, நான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

கையைப் பிடித்து இழுத்தார். கால் பெயரவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து இழுத்தார்கள். ம்ஹூம். கை மட்டும் ஜில்லிட்டுக்கொண்டே போனது.

அவ்வளவு பேர் முன்னாலும் சித்தப்பா உடைந்து கத்தினார்: "வர வேண்டியது எங்கப்பாதான்! அடுப்போரம் படுத்துட்டாரு! தெரிஞ்சே மறைச்சேன்! எனக்கு வெக்கமா இருக்குப்பா... என் பொண்ண விட்டுடு. நான் நிக்கிறேன்."

மகளின் கால் தளர்ந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் சித்தப்பா கேட்டில். விடிந்தால்தான் வீட்டுக்குள். போன வாரம் என் நண்பன் பார்க்கப் போனான்.

"உள்ள வாங்க சித்தப்பா."

"மாத்து ஆள் வேணும்லடா. இன்னிக்கு ஒரு நாள் நீ நிக்கிறியா?"

"நாளைக்கு வர்றேன் சித்தப்பா."

இன்னும் போகவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவன் தலை நிமிரவே இல்லை. அன்றைக்கு அவன் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதாம். சித்தப்பா வாயிலிருந்துதான்... ஆனால் இருபது வயதுகூட ஆகாத குரல்.

"நீங்களும் அந்த வீட்டு ஆள்தானாண்ணே?"