நிலாவுக்குள்ள வேகாத கல்லு

ஒக்காருங்க சார், உள்ள போக வேண்டாம். அந்தக் கட்டில்லயே ஒக்காருங்க, ஒடியாது. உங்க ஆர்ட்டிஸ்ட் சௌரிராஜன் பேசி முடிச்சிட்டு வரட்டும். நானா அவரைக் கூப்புட்டேன்? அவராத்தானே நேத்து வில்லாபுரத்துச் சந்துக்குள்ள காரைக் கொண்டாந்து சொருகிட்டு, இருளாயி, மெட்ராஸ்ல படமெல்லாம் வெடிச்சு விழுகுது, என்ன வழின்னு கேட்டு நின்னாரு? வழி சொல்றேன்னேன். அதுக்கு முந்தி, கண்ணு போயிக் கெடக்குற எம் புருசன் முன்னால, தெருச்சனம் கேக்க, சூடத்தைக் கொளுத்தி வச்சு, மூணு வருசத்துக்கு முந்தி நடந்ததை நடந்தபடி சொல்லணும்னேன். அம்புட்டுத்தான் கண்டிசன்.

பன்னெண்டு படமும் போச்சா? ஆத்தாடி! எங்கிட்ட ரெண்டு மூணுன்னுல்ல சொன்னாரு. கடக்கரை ஓட்டல்ல மாட்டுனது, ஈரக்காத்து பட்டதும் சோளம் பொரியுற கணக்கா தெறிக்குதாக்கும். இல்ல சார், தெரியாமத்தான் கேக்குறேன், நிலாவுல ஏற்கனவே குழி குழியாத்தானே இருந்துச்சு? இன்னும் நாப்பது குழி விழுந்தா நல்லாத்தானே இருக்கும்? சரி சரி, சிரிக்கல. படத்தை வித்துக் கொடுத்தவரு, ஓட்டல்காரனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், உங்க கவலை உங்களுக்கு.

ஒரு காலத்துல சாமி படம் போட்டுக்கிட்டு இருந்த மனுசன்தான் உங்க ஆர்ட்டிஸ்ட். அவுக அப்பாரு சாயப்பட்டறையில நான் நூல் அலசுனேன், பத்து வருசம். அப்ப வந்துச்சுல்ல சார் ஸ்கைலாபு, அமெரிக்காக்காரன் விட்டது நம்ம தலையில விழுகப் போகுதுன்னு? ஊருல பாதிப்பேரு இருக்குற கோழியெல்லாம் அடிச்சுத் தின்னுட்டு, சாகத் தயாரா ஒக்காந்திருந்தான். இவரு மட்டும் மொட்டை மாடியில நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பிருந்து நிலா, கிரகம்னு வரையப் புடிச்ச கிறுக்கு. சும்மா பெயிண்டை இழுத்தாப் பத்தாதாம். கையை வச்சா சொரசொரன்னு இருக்கணுமாம், மேடு பள்ளம் இருக்கணுமாம்.

அப்ப எங்க வீட்டுக்காரரு அந்தப் பட்டறையில தொட்டிச் சுவரு பூசிக்கிட்டு இருந்தாரு. பேரு நான் சொல்லக்கூடாது. தெருவுல காளைக் கொத்தனாருன்னு கேளுங்க, சொல்லுவாக. அந்தப் பூச்சைத் தடவிப் பாத்துட்டுத்தான் உங்க ஆர்ட்டிஸ்ட், எனக்குப் பலகையில இப்படிப் பூசித் தருவியா காளைன்னாரு. எங்க ஆளு பலகையில கோழி வலையை அடிச்சு, மேல சுண்ணாம்பும் மணலும் ஏத்தி, கொத்துக்கரண்டி முதுகால அமுக்குனாரு பாருங்க, வந்துருச்சு நிலா! செவ்வாய்க்குச் செங்கப்பொடி. ராத்திரி வானத்துக்கு வெளக்குக்கரியும் பட்டறை நீலமும். கலரு இவரு போட்டாருன்னு வைங்க. கிரகம் பூராம் எங்க ஆளு கை.

சுண்ணாம்புப் பக்குவம் மட்டும் எங்கிட்ட. சூளையில இருந்து வார கல்லுச் சுண்ணாம்புல தண்ணி ஊத்துனா உலை கணக்கா கொதிச்சு வேகும். வெந்ததை இருவது நாளாச்சும் தொட்டியில ஊறப்போடணும். பெறகு துணியில வடிகட்டணும். எப்படிப் பாத்தாலும் அடியில நாலு வேகாத கல்லு தங்கும், அதைத் தூக்கி எறிஞ்சிறணும். என்ன அவசரம்னு குதிச்சாலும் எங்க ஆளு ஊறாத சுண்ணாம்பைத் தொட மாட்டாரு.

இவருக்குத்தான் பொறுமை இல்லை. டெல்லியில போட்டின்னாரு. நட்சத்திரம் பொறக்குறது மாதிரி வேணும், பச்சக் கல்லைப் பலகையில பரப்பி மேல தண்ணியை ஊத்து, கொதிக்கிறது அப்படியே நிக்கட்டும்னாரு. வேணாங்கய்யா, மூஞ்சியில அடிச்சிரும்னு எங்க ஆளு மூணு தரம் சொன்னாரு சார். நான் பக்கத்துலதான் நிக்கேன், எங்காதால கேட்டேன். நான் சொல்றேன்ல, ஊத்துறான்னு ஒரே அதட்டு. ஊத்துனாரு. ரெண்டு கண்ணுலயும் அடிச்சிருச்சு. ஐயோன்னு முன்னால சாஞ்ச மனுசன் கையை அந்தப் பலகையிலயே ஊனிட்டாரு.

அந்தப் பையில புஸ்தகம் வச்சிருக்கீகள்ல, படம் போட்டது? எடுங்க. நாலாவது பக்கம். இந்தா இதுதான், டெல்லியில பரிசு வாங்குனது. நடுவுல விரிஞ்சு கெடக்கே, அது என்னன்னு எழுதியிருக்கு? தூசு மண்டலமா? நல்லாப் பாருங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இந்த ஆள்காட்டி விரலு மட்டும் பாதியில நிக்குதுல்ல? அவரு பதினஞ்சு வயசுல கல்லு விழுந்து நசுங்கின விரலு. உள்ள போனீகன்னா அந்தக் கையைத் தொட்டே பாக்கலாம்.

என்ன சார், தண்ணி வேணுமா? செம்புல இருக்கு, குடிங்க.

கண்ணு போனதைக்கூட விதின்னு விட்டுருப்பேன். பெரியாஸ்பத்திரி வராந்தாவுல வச்சு, இவரு தம் பொஞ்சாதி வசுந்தரா அம்மாகிட்ட அவுக வீட்டுப் பாஷையில சொல்றாரு, குடிச்சிட்டு வந்து தானா ஊத்திக்கிட்டான்னு சொல்லுவோம், இல்லைன்னா நம்ம மேல கேசாயிரும்னு. எனக்குப் புரியாதுன்னு நெனைப்பு. பத்து வருசம் அவுக பட்டறையில கெடந்தவளுக்கு அந்தப் பாஷை வராதா? அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே சொல்லிருச்சு, போலீஸ்காரவுகளும் அப்படியே எழுதிட்டாக. இல்லவே இல்லைன்னு நான் கத்துனேன். புருசனுக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பொய் சொல்றான்னுட்டாக.

உங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும். எங்க ஆளு ஒரு காலத்துல குடிச்ச மனுசன்தான். எங்க கல்யாணத்துக்கு முந்தின ஆடியில அழகர்கோயிலுக்குப் போயி, பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. இப்ப ஊரு என்ன பேசும்? சத்தியத்தை மீறிக் குடிச்சான், கருப்பு கண்ணைப் புடுங்கிருச்சு. கொழுந்தன் பேயாண்டி, கூடப்பொறந்தவன், வாசப்படி மிதிக்கல. சாமி குத்தம் ஒட்டிக்கிருமாம். அதையும் தாங்கிக்கிட்டேன் சார். ஒரு நா சோறு பிசைஞ்சு கையில வைக்கிறேன், அந்த மனுசன் கேக்குறாரு, ஏன்டி, நெசமாவே நான் அன்னைக்குக் குடிச்சிருந்தேனா, எனக்குத்தான் ஞாபகமில்லையான்னு. அன்னைக்கு முடிவு பண்ணேன், உங்க ஆர்ட்டிஸ்ட் வாயாலயே சொல்ல வைக்காம விடுறதில்லைன்னு.

அப்புறம் எதுக்கு அவருகிட்டயே வேலைக்குப் போனேன்னா? எங்க ஆளுக்குக் கண்ணு போனபெறகு பூசவும் சுண்ணாம்பு ஊறப்போடவும் அவருக்கு வேற ஆளு இல்லையே. பாவம், குடிகாரன் குடும்பம், நான்தான் சோறு போடுறேன்னு வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுவாரு. நீங்க வந்தப்பவும் சொல்லியிருப்பாரே? சொன்னாருல்ல. நானும் ஆமாங்கய்யா, உங்க புண்ணியம்ன்னு சிரிச்சுக்கிட்டு நிப்பேன். கைமட்டும் வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கும்.

ஷ்ஷ். சத்தம் போடாதீக. சூட வாசம் வருதா? ஆரம்பிச்சிட்டாரு. கேளுங்க, காளை குடிக்கல, நான்தான் ஊத்தச் சொன்னேன், வேணாம்னான், அதட்டுனேங்குறாரு. கேட்டுச்சா சார்? அந்தா, எதுத்த வீட்டு மலையம்மா பெரியம்மா, இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்ங்குது. பொய்யி! அதுக்குக் காது கத்தி கணக்கா இருக்கும். சொல்லட்டும், ரெண்டு தரம் சொல்லட்டும். பேயாண்டியையும் வரச்சொல்லி முன்னால ஒக்கார வச்சிருக்கேன். சூடத்தைக் கையால அடிச்சு அணைச்சிட்டாருன்னா முடிஞ்சது, இனிமே மாத்திப் பேச முடியாது, கருப்பு பாத்துக்கிரும்.

அணைச்சிட்டாரு.

இருங்க சார், கண்ணைத் தொடைச்சுக்கிறேன். ஒண்ணுமில்ல, சூடப் புகை.

ம்? ஆமா ஆமா, வழி. சொல்றேன்னு சொன்னேன், சொல்லிருவேன், நான் வாக்குத் தவற மாட்டேன். பன்னெண்டு பலகையிலயும் இருக்குறதை வலையோட சேத்துக் கொத்திக் கீழ தள்ளிருங்க. தள்ளிட்டுப் புதுசாப் பூசுங்க. அதுதான் வழி. வேற மருந்து மாயம் ஒண்ணும் கெடையாது. மேல என்னத்தைத் தடவுனாலும் உள்ள கெடக்குற கல்லு ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு, வெந்து ஊதி, தெறிச்சுக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு மூணு மழைக்காலத்துக்குத் தெறிக்கும். எத்தனை கல்லுன்னு எனக்கே கணக்குத் தெரியாது. தூக்கி எறிய வேண்டிய கல்லையெல்லாம் ஒரு வருசமா டப்பாவுல ஈரம் படாமச் சேத்து வச்சு, மொளகு அளவுக்குத் தட்டி, இந்தப் பன்னெண்டுலயும் நான்தானே கலந்தேன்.

எந்திரிக்காதீக சார், கட்டிலு ஆடுது. அந்தக் கை இருக்குற படத்துல மட்டும் நான் ஒண்ணும் பண்ணல, அது டெல்லியில நல்லா இருக்கட்டும்.

எங்க ஆளு கூப்புடுறாரு, நான் உள்ள போறேன். இந்தா, உங்க ஆர்ட்டிஸ்ட் வெளிய வாராரு, நீங்களே சொல்லிருங்க. யாரு பண்ணுனான்னு கேட்டாருன்னா இருளாயின்னு சொல்லுங்க. நான் குடிச்சிட்டுத்தான் பண்ணுனேன்னு வேணா எழுதிக்கிடச் சொல்லுங்க.