தண்டுக்குள் குடியிருந்தவன்

— இதுவும் காலி. அடுத்தது.

— மேடம், இது பதினெட்டாவது. இருக்கிற செடியையெல்லாம் இப்படி நடுவுல கீறிக்கிட்டே போனா எப்படி? போன வருஷம் நான் ஒரு இலையைக் கிள்ளினதுக்கே முறைச்சீங்க. இப்ப நீங்களே பிளேடும் கையுமா நிக்கிறீங்க.

— கீறிட்டு உடனே டேப் சுத்திடறேன்ல, வாட்ச்மேன். செடி பொழைச்சுக்கும். அந்த வேலி ஓரத்துல நிக்குதே ஊதாப் பூ, அதைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.

— பிடிக்காம? இருபது வருஷம் உளி பிடிச்ச கையாச்சே. ஆனா என்னத்தைத் தேடறீங்கன்னு சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன்.

— நான் பார்த்துக்கறேன். நீங்க அசையாம பிடிச்சா போதும்.

— அந்த குடோன் கம்பெனிக்காரங்க மூணு மணிக்கு வர்றாங்களாமே?

— வர்றாங்க. என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, ஒண்ணு நிலத்துக்குக் கையெழுத்து போடுவாங்க, இல்ல திரும்பிப் போவாங்க.

— எப்படி எழுதினா திரும்பிப் போவாங்க?

— இங்க இருக்க வேண்டியது இருக்குன்னு எழுதினா.

— அப்ப எழுதுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! குடோன் வந்துச்சுன்னா முதல்ல இடிக்கிறது என் ரூமைத்தான். வீட்டுக்காரி தையல் மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க போவா? எனக்கு அம்பத்தெட்டு. இந்த வயசு ஆளை எவன் கூப்பிட்டுக் காவலுக்கு வைப்பான்? நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள திருடன் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

— சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது. ம்... இதுவும் காலி.

— பத்தொன்பது.

— எனக்குப் புரியவே இல்ல. ஓட்டை இருக்கு. உள்ள குடைஞ்ச தடம் இருக்கு. அடியில கறுப்பா ஏதோ காய்ஞ்சு கிடக்கு, அவ்வளவுதான். எல்லா ஓட்டையோட வாயிலயும் மஞ்சளா அடைச்சிருக்கு பாருங்க. செடியோட பிசினா இருக்கும்னு நினைக்கிறேன்.

— பிசினா? நல்லாப் பாருங்க மேடம். அது மெழுகு.

— என்ன மெழுகு?

— தேன்மெழுகு. நான் வெச்சது.

— நீங்களா?

— பின்ன? போன வருஷம் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனீங்க? இந்தப் பூச்செடியாலதான் நிலம் தப்பிச்சு நிக்குது, ஒரு செடிகூடப் போகாம பார்த்துக்கோங்கன்னு சொன்னீங்களா இல்லையா? அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். தினம் ரெண்டு நடை சுத்தி வருவேன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் பார்த்தா, தண்டுல பொட்டுப் பொட்டா ஓட்டை. அடியில மரத்தூள் மாதிரி கொட்டிக் கிடக்கு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, எனக்குத் தெரியாத சமாச்சாரமா இது? எத்தனை கதவு, எத்தனை கட்டில் பார்த்திருப்பேன்! தூள் கொட்டுதுன்னா உள்ள ஒருத்தன் உக்காந்து துளைக்கிறான்னு அர்த்தம். மெல்லிசுக் கம்பியை மெதுவா உள்ள விடணும். ஒரு இடத்துல மெத்துன்னு தட்டுப்படும். அங்க ஒரே குத்து. மேல மெழுகை உருக்கி அடைச்சிட்டா வேலை முடிஞ்சுது. கதவா இருந்தா இன்னும் முப்பது வருஷம் அசையாம நிக்கும்.

— எத்தனை செடியில செஞ்சீங்க?

— ஓட்டை இருந்த அத்தனையிலயும்தான். வீட்டுக்காரி மெழுகு உருக்கிக் குடுத்தா, நான் அடைச்சேன். மூணு நாள் வேலை. பாருங்க, பூவெல்லாம் எப்படி நிமிர்ந்து நிக்குது! என்ன மேடம், பிளேடைக் கீழ போட்டுட்டீங்க?

— உக்காருங்க.

— ஏன், தப்பா ஏதாவது...

— உக்காருங்க அண்ணே.

— இவ்வளவு நாளா வாட்ச்மேன்னு கூப்பிட்டுட்டு இப்ப என்ன திடீர்னு அண்ணே?

— செடிக்காக இந்த நிலத்தை யாரும் விட்டு வைக்கல. இந்தப் பூ எங்க வேணா முளைக்கும். இதோட தண்டுக்குள்ள ஒரு புழு குடைஞ்சு குடியிருக்கும். வளர்ந்து, பழுப்பு நிறத்துல ஒரு அந்துப்பூச்சியா வெளிய வரும். இந்த மண்ணுக்கே உரிய பூச்சி. மத்த இடத்துலயெல்லாம் அழிஞ்சு போச்சு, இங்க மட்டும்தான் மிச்சம். மூணு புழு உயிரோட இருந்தா நிலத்துல யாரும் கை வைக்க முடியாது. காலையிலேர்ந்து நான் தேடறது அதைத்தான்.

— புழுவையா?

— புழுவைத்தான்.

— நான் குத்தினேனே... அதையா?

— அதைத்தான்.

— அய்யோ.

— தண்ணி குடிங்க.

— வேணாம். மேடம், மூணுதானே? இருந்துச்சுன்னு எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?

— உயிரோட நெளியற வீடியோ வேணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா.

— இன்னும் ஏழெட்டு செடி பாக்கி இருக்கே. அதையும் கீறிப் பாருங்க. எதுலயாவது என் கம்பி படாம தப்பிச்சிருக்கலாம்ல?

— நீங்க சொல்லுங்க. தப்பிச்சிருக்குமா?

— தப்பிச்சிருக்காது. நான் ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா விடமாட்டேன்.

— எனக்கும் அப்படித்தான் தோணுது.

— அடுத்த வருஷம் வராதா?

— புழு இருந்தாத்தானே அண்ணே பூச்சி. பூச்சி இருந்தாத்தானே முட்டை.

— வீட்டுக்காரிகிட்ட என்னன்னு சொல்வேன்? காலையில உங்களைப் பார்த்ததும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மேடம் வந்துட்டாங்க, இனிமே கவலை இல்லன்னு சொன்னா.

— நான் வந்து சொல்றேன்.

— வேணாம், நானே சொல்லிக்கறேன். அவளும்தானே மெழுகு உருக்கினா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் செடி செடின்னு சொன்னீங்களே, புழுன்னு ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா என்ன? பெத்த பிள்ளை மாதிரி பார்த்திருப்பேனே.

— சொல்லக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல கண்டிப்பான உத்தரவு.

— ஏனாம்?

— தெரிஞ்சா யாராவது கொன்னுடுவாங்கன்னு.