மூன்றாவது கம்பி

இந்த அறையின் மின்விசிறி லேசாக முனகுகிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. பியானோக்களுக்குச் சுருதி கூட்டியே முப்பத்தொரு வருடம் பிழைத்தவன் நான். எந்தச் சத்தத்தையும் சும்மா விட என் காதுக்குத் தெரியாது. "வீட்டுல கூப்பிட்டா மட்டும் அந்தக் காது கேக்காது" என்பாள் என் மனைவி.

உலகமே கொண்டாடும் அந்தப் பியானோ கலைஞரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைக் காதுக்காரர் என்பார். எங்கள் அரங்குக்கு எப்போது வந்தாலும் தன் பியானோவை வேறு யாரையும் தொட விடமாட்டார். அதைவிடப் பெரிய பெருமை எனக்கு இருந்ததில்லை.

இந்த முறை இரண்டு மாலைகள். இரண்டிலும் ஒரே கான்செர்டோ, அதாவது அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவும் பியானோவும் மாறி மாறிப் பேசும் இசை. முதல் மாலை, பக்கத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். முதல் பாகத்தில் அறுபது பேரும் சேர்ந்து முழங்க, அவர் பத்து விரல்களால் பதில் சொன்னார். இரண்டாவது பாகம் மெதுவானது. அதில் உச்சியில் ஒரு சுரம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கி, தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டார். எனக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. பிழைப்பை மறந்து நான் இசை கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் ஒத்திகைக்கு அவர் முன்கூட்டியே வந்துவிட்டார். மேடையில் நாங்கள் இருவர்தான். அந்த இரண்டாவது பாகத்தைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காதுக்காரரே, உங்களுக்குத் தெரியலையா? அந்த மேல் சுரத்துல மூணாவது கம்பி தளர்ந்துபோச்சு. ஓங்கித் தொட்டா வெளியில தெரிஞ்சிரும். அதை மறைக்கத்தான் அப்படித் தயங்கித் தயங்கி வாசிச்சேன். சரி பண்ணிக் குடுங்க, இன்னிக்கு எப்பவும்போல வாசிச்சிடறேன்."

ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள், ஐயா. மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும். அவர் கோபப்படவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

அப்போதுதான் முடிவு செய்தேன். முதல் நாள் வாசிப்பைக் காப்பாற்ற வேண்டும். அன்று மாலை அவர் எப்போதும்போல வாசித்துவிட்டால், முந்தையது வெறும் ஒட்டுவேலை ஆகிவிடும். அப்படி ஆக விடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காதில் சந்தேகம் வந்தால், விரல் நுனிகளைப் பியானோவின் மர விளிம்பில் வைத்துப் பார்ப்போம். தளர்ந்த கம்பியின் நடுக்கம் மரத்தில் தெரியும். "ரெண்டு கையையும் இப்படி விளிம்புல வெச்சு, கண்ணை மூடிக்குங்கம்மா. எந்தக் கம்பின்னு சொல்லுங்க" என்றேன். வைத்தார். என்னை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினேன். கம்பிகளுக்கு மேலே திறந்து நின்ற பியானோவின் பெரிய மூடி இரண்டு ஆள் கனம் இருக்கும். அதைத் தோளால் சற்றே உயர்த்தி, தாங்கியிருந்த கட்டையை எடுத்துவிட்டு, விலகிக்கொண்டேன். "இதுதான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு விரல்கள் போய்விட்டதாக மருத்துவர் சொன்னாராம். எனக்கும் வருத்தம்தான். இனி யார் வாசித்தாலும் எனக்கு அது வெறும் சத்தம். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவரை வண்டியில் ஏற்றிச் சென்ற பிறகு, உங்கள் ஆட்கள் வரும்வரை கொஞ்ச நேரம் இருந்தது. மூடியை யாரோ மறுபடி தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சுருதிச் சாவியைப் போட்டு அந்த மூன்றாவது கம்பியை முறுக்கினேன். கால் சுற்றுகூட இல்லை, சரியாகிவிட்டது.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கைகளை நசுக்கியது நான்தான், வேண்டுமென்றேதான் செய்தேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மாலை அந்தப் பியானோ சுத்தமான சுருதியில் இருந்தது. இல்லை என்று வாசித்துக் காட்ட இனி அவராலும் முடியாது.