நான் கையெழுத்திட்ட விசிறிகள்

எனக்கு மூக்கு வரைய வராது, இன்ஸ்பெக்டர் அம்மா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மடக்கு விசிறியில் படம் வரைவது லேசுப்பட்ட வேலையில்லை. தாளை விரித்து வைத்து வரைகிறோம், பிறகு மடிக்கிறோம். மடிப்பு முகத்தின்மேல் விழுந்தால் தொலைந்தது. நான் வரைந்த ராணிக்குச் சரியாக மூக்கில் விழுந்தது. விரித்தால் கிளி மூக்கு. கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், உங்க விசிறி மூடியிருக்கும்போது பிரமாதமா இருக்கு" என்றார். நானும் வெட்கமில்லாமல் நன்றி சொன்னேன்.

என் தங்கைக்கு அந்தத் தொல்லையே இல்லை. எந்த மடிப்பில் எந்தக் கண் வரும் என்று அவள் விரலுக்கே தெரியும். அவள் வரைந்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷம். கையெழுத்து மட்டும் எனக்கு அழகாக வரும். மேடையேறி விசிறிக் கலையைப் பற்றி மணிக்கணக்காக அளந்தேன், விருதும் வாங்கினேன்.

போன வருஷம் சாப்பிடும்போது கேட்டாள்.

"அண்ணா, அடுத்த கண்காட்சிக்கு என் பேரைப் போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோ. இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா?"

வயிறு எரிந்தது அம்மா, மறைப்பானேன்.

அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. நிறுத்தினால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். மருந்து விடுவது என் பொறுப்பு. அந்த வாரமே சீசாவைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். கண் விஷயமாயிற்றே, கிருமி ஏதாவது போய்விட்டால் என்ன செய்வது?

பத்து மாதம். ஓரத்திலிருந்து பார்வை மடங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணா, மருந்து இப்பல்லாம் எரியறதே இல்ல."

"பழகிடுச்சும்மா."

நம்பினாள். கண்காட்சிக்கு முன்பே முழுக்க இருட்டாகிவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்டு சீசாவைச் சோதனைக்கு அனுப்பினார், வெறும் தண்ணீர் என்று வந்தது. பழைய மருந்தில் நாலு சொட்டாவது நான் கலந்து வைத்திருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். பத்து மாதமும் ஒரு வேளைகூடத் தவறாமல் சொட்டு விட்டவன் நான். இனி அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கண் தெரியாத பெண்ணைத் தனியாக விட்ட பாவம் உங்களுக்கு எதற்கு?