எட்டு கோருக்கும் அட்டெண்டன்ஸ்

...மொதல்ல இந்தக் கம்ப்யூட்டரு மேல கைய வெச்சிப் பாரும்மா! இட்லி குண்டான் மாதிரி கொதிக்குதா? தோலு தேய்க்கிற பஃபிங் மிஷினு கூட இம்மாஞ் சத்தம் போடாது. சர்வீஸுக்குன்னு வேலூரு பாகாயத்துலருந்து பஸ் புடிச்சி வந்திருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு இன்னா இருக்குது?

உக்காருங்க. ஸ்டூலு ஆடும், பாத்து. நான் இன்பராஜ், கட்டிங் சூப்பர்வைசர். ஆம்பூர்ல இருவத்தாறு வருசமா ஷூ கம்பெனிதான். இந்த மிஷின்ல ஜாஸ்மின்னு ஒரு பொண்ணு வேலை செய்யுது. தோல போட்டோ புடிச்சிப் போட்டா, ஓட்டை, தழும்பு எல்லாம் வுட்டுட்டு, ஷூ துண்டுங்கள எப்டி அடுக்குறதுன்னு கம்ப்யூட்டரே சொல்லும். ஒரு தோலுக்குப் பத்து நிமிசம். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு கையக் கட்டிக்கினு உக்காந்திருக்கும். கேட்டா, "உள்ள ஓடுது சார்"ங்கும். உள்ள இன்னா ஓடுதுன்னு நமக்குத் தெரிய வேணாமா?

நெட்டுல தேடுனேன். கம்ப்யூட்டரு உள்ள எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்ட எச்டாப்புன்னு ஒண்ணு இருக்குதாம். கறுப்பு ஸ்கிரீனத் தொறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எச்டாப்'னு அடிச்சேன். பாஸ்வேர்டு கேக்குது. அடிக்கிறேன்... அடிக்கிறேன்... ஒரு எழுத்து கூட வுழல! கீபோர்டு அவுட்டுன்னு மூணு கீபோர்டு மாத்திட்டேன். ஒரே பேஜாரு. கடைசீல ஜாஸ்மின் சொல்லுது, "பாஸ்வேர்டு அடிச்சா தெரியாது சார்"னு. அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?

அப்பறம் வந்திச்சி பாருங்க, எட்டுக் கோடு! எட்டு கோராம். உள்ள எட்டு ஆளுன்னு வெச்சிக்கோங்க. ஒருத்தன் மட்டும் நூறு பெர்சன்ட்ல முக்கிக்கினு கெடக்குறான். மீதி ஏழு பேரு? ரெண்டு பெர்சன்ட்டு, ஒரு பெர்சன்ட்டு, ஒருத்தன் சைபரு! எனக்கு வயிறு எரிஞ்சி போச்சி. என் ஹால்ல ஒருத்தன் வெட்டி ஏழு பேரு வேடிக்க பாத்தா வுடுவனா?

மறுபடியும் தேடுனேன். 'எஸ்'னு ஒரு கமாண்டு. போட்டுட்டா, ஒரே எழுத்த எழுதிக்கினே இருக்கும். பேப்பரு கெடையாது, எங்கயும் போய்ச் சேராது, ஆனா ஆளு சும்மா இருக்க மாட்டான். ஆளுக்குப் பத்துன்னு எம்பது போட்டேன். அடா அடா! எட்டுப் பேரும் நூறு! தனியா ஒரு அட்டெண்டன்ஸ் நோட்டே போட்டுட்டேன். அஞ்சாம் நம்பரு ஒரு நாளு தொண்ணூத்தெட்டுக்கு எறங்குனான், வார்னிங் எழுதி வெச்சிருக்கேன்.

கல் நெஞ்சுன்னு நெனக்காதீங்க. பதினோரு மணி டீ பிரேக்ல எம்பதையும் நிறுத்திடுவேன். அதுங்களும் மூச்சு வுட வேணாமா?

இப்ப கேளுங்க அந்தப் பொண்ணு செய்ற வேலைய. அன்னிலருந்து ஒரு தோலுக்கு ரெண்டு மணி நேரம்! எட்டுப் பேரு இந்தப் போடு போடறானுங்க, வேலை நவுரல. ஆனா டீ பிரேக்ல மட்டும் படக்குனு முடிஞ்சிடுது! வேணும்னேதான? அதையே மெமோவா எழுதி ஜி.எம்.கிட்ட குடுத்துட்டேன். நாலு மணிக்கு அதைக் கூப்ட்டிருக்காரு. வேலை போய்டும். வூட்ல அது ஒண்ணுதான் சம்பாதிக்குது, பாவம்தான். அதுக்கு நான் இன்னா பண்றது?

இன்னாம்மா அடிக்கிறீங்க? யோவ்... யம்மா! எல்லாரும் உக்காந்துட்டானுங்க! இப்ப டீ பிரேக் கூட இல்லியே...

இரு... இரு. ஃபேன் சத்தம் கொறயுது. ஜாஸ்மின் போட்ட தோலு... முடிஞ்சி போச்சா? மத்தியானத்துலருந்து நின்னுக்கினு இருந்தது?

அப்ப... டீ பிரேக்ல முடிஞ்சது... நான் எம்பதையும் நிறுத்துனதாலயா?

ஏம்மா இப்டிப் பாக்குறீங்க? ரிப்போர்ட்ல காரணம்ங்கற எடத்துல வெயிலுன்னு எழுதுங்களேன். ஆம்பூரு வெயிலு யாருக்குத் தெரியாது? வோல்டேஜுன்னாவது... எழுதிட்டீங்களா? என் பேரயா?

எங்க கெளம்பிட்டீங்க? ஜி.எம். ரூமா? மணி இன்னா... மூணு அம்பதா! நில்லும்மா, நானும் வர்றேன். வெக்கமாத்தான் இருக்குது, இன்னா பண்றது? மெமோ எழுதுன கையாலயே, நானே கேட்டு வாங்கிக் கிழிச்சாத்தான் ஆவும்.

டேய், எட்டுப் பேரும் கேளுங்கடா! நான் திரும்பி வர்ற வரைக்கும் எவனாவது வேலை செஞ்சான்னு தெரிஞ்சது, தொலச்சிடுவேன்!